அச்சில் வந்த அம்மன்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் சாமி படங்களைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம்முள் அம்மனை வணங்குவோர் உண்டு. மாதா கோயிலுக்குச் செல்வோர் உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1956-இல் நாகபுரியில் காட்டிய வழியில் புத்தரைச் சரண் அடைந்தோரும் உண்டு. கடவுளே இல்லை என்போரும் இருக்கின்றனர். எவருடைய வழிபாட்டையும் உயர்த்தவோ தாழ்த்தவோ நாம் இங்கு வரவில்லை. ஒரு படம் எங்கிருந்து வந்தது, யார் வரைந்தது, யார் அச்சிட்டது, யாருக்குக் கிடைத்தது, அதில் யார் முகம் இல்லை என்று கேட்கத் தெரிவதும் கல்விதான். புத்தகத்தைப் படிக்கக் கற்ற நாம், சுவரில் மாட்டிய படத்தையும் படிக்கக் கற்கவேண்டும். அதற்காகவே இத்தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

முதலில் நம் மலையிலிருந்தே தொடங்குவோம். ஏற்காட்டின் உயரமான இடம் சேர்வராயன் குன்று. 5,326 அடி உயரமுள்ள அவ்வுச்சியில் ஒரு குகைக் கோயில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். சேர்வராயனும் காவேரி அம்மனும் அங்கே குடிகொண்டிருப்பதாக மலைவாழ் மக்கள் போற்றுகின்றனர். அக்குகை காவிரி தோன்றும் இடம்வரை நீண்டு செல்கிறது என்பது அவர்தம் நம்பிக்கை. ஆண்டுதோறும் மே மாதத் திருவிழாவுக்கு ஊர் ஊராக மக்கள் திரண்டு வருகின்றனர். அந்த அம்மன் மக்கள் மனத்தில் நிலைபெற எந்த அச்சுக்கூடத்தின் உதவியும் தேவைப்படவில்லை.

கீழ்நாட்டிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு உழைக்க வந்த நம் முன்னோரின் அம்மனும் அப்படிப்பட்டவளே. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. அதன்பின் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்க ஆட்கள் மலையேறினர். லைன் வீடுகளில் குடியேறியவர்கள் தம் தெய்வத்தையும் உடன் கொண்டுவந்தனர். நட்ட கல், ஊன்றிய சூலம், வேப்பமரம், பூச்சுற்றிய கரகம் ஆகியவற்றில் அவள் இருந்தாள். திருவிழா முடிந்ததும் கரகத்தை நீரில் விட்டுவிடுவார்கள். அவளுக்கு நிலையான முகம் என்று ஒன்று இல்லை. கும்பிடுவோர் மனத்தில் எந்த முகம் இருந்ததோ, அதுவே அவள் முகம்.

ஆனால், பெருங்கோயில்களில் கருவறைக்குள் வேறு அம்மன்கள் இருந்தனர். பட்டும் பொன்னும் அணிந்து, மந்திர ஒலிக்கு நடுவே வீற்றிருந்த அவர்களை நம்மவர் கண்ணால் காணவும் உரிமை இல்லை. கோயிலுக்குள் நுழைவது இருக்கட்டும். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கே 1924-இல் வைக்கத்தில் பெரும் போராட்டம் தேவைப்பட்டது. தந்தை பெரியாரும் அதில் கலந்துகொண்டு சிறை சென்றார். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது 1936 நவம்பர் 12-ஆம் நாள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலான நம்மவர் நுழைந்தது 1939 ஜூலை 8-ஆம் நாள். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் முழுமையாக வந்தது 1947-இல். இந்த ஆண்டுகளை நினைவில் வையுங்கள். இப்போது அச்சின் கதைக்கு வருவோம்.

இந்திய மொழிகளுள் முதன்முதலில் அச்சேறிய பெருமை நம் தமிழுக்கு உண்டு. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் கிறித்தவச் சிறுநூல் அச்சிடப்பட்டது. ஆயினும், தேவியரின் உருவம் அச்சேறியதற்கு வங்காளத்தையே முதலில் சொல்லவேண்டும். 1816-இல் கல்கத்தாவில் கங்காகிஷோர் பட்டாசார்யா வெளியிட்ட 'அன்னதாமங்கல்' என்னும் நூலில் செதுக்கோவியங்கள் இடம்பெற்றன. அந்நூலின் தலைவி அன்னபூரணி. கையில் அகப்பையோடு உலகுக்குச் சோறிடும் தாய்! அச்சுக்கலை இந்நாட்டில் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்ட தெய்வங்களுள் சோறிடும் தெய்வமும் ஒன்று என்பது எண்ணி மகிழத்தக்கது. பின்னர், கல்கத்தாவின் பட்தலா என்னும் பகுதியில் மரத்தில் செதுக்கி அச்சிட்ட காளி, துர்க்கை படங்கள் எளிய மக்களிடையே விலைபோயின.

அடுத்து வந்தது கல்லச்சு. செர்மனி நாட்டில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்பவர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டுபிடித்த முறை இது. எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே இதன் அடிப்படை. வழுவழுப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடவலம் மாற்றி வரைவர். பின்பு கல்லை நீரால் நனைப்பர். மை இருக்கும் இடத்தில் நீர் தங்காது. அதன்மேல் அச்சு மையை உருட்டினால், வரைந்த கோட்டில் மட்டும் மை பிடிக்கும். ஈரமான இடம் மையை ஏற்காது. தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். வண்ணப் படமாயின் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், முகத்தின் நிழலுக்கு ஒரு கல் என்று ஒரே தாள் பலமுறை அழுத்தியின்கீழ்ச் சென்று வரும். ஒருமுறை மயிரிழை பிசகினாலும் அம்மனின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் விழும். இத்தனை நுட்பமான வேலையைச் செய்த ஓவியரின் பெயராவது சில படங்களில் உண்டு. கல்லைத் தேய்த்தவர், மை உருட்டியவர், தாளைப் பிடித்தவர் ஆகியோரின் பெயரைப் படத்தில் காணமுடியாது. உழைப்போர் பெயர் எங்கே எழுதப்பட்டது, இங்கே எழுதப்பட?

1878-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் கல்கத்தாவில் கலைப்பள்ளியில் பயின்ற இளைஞர்கள் அன்னதாபிரசாத் பாக்சியோடு சேர்ந்து 'கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோ'வை நிறுவினர். அதே ஆண்டில் புனாவில் விஷ்ணு சாஸ்திரி சிப்லூன்கர் 'சித்ரசாலா' அச்சகத்தைத் தொடங்கினார். இரண்டிலிருந்தும் தெய்வப் படங்கள் வெளிவந்தன. 1894-இல் ஓவியர் இரவிவர்மா பம்பாயில் தம் பெயரால் ஓர் அச்சகம் நிறுவினார். செர்மனியிலிருந்து பொறிகளும் தொழில் அறிந்தோரும் வந்தனர். பின்னர் அது லோனாவ்லாவுக்கு அருகில் மாளவ்லி என்னும் ஊருக்கு மாறியது. ஃபிரிட்ஸ் ஷ்லைக்கர் என்னும் செர்மானியரின் கைக்கும் போயிற்று. ஓலியோகிராஃப் என்று சொல்லப்பட்ட அந்த வண்ணப் படங்கள், தாமரைமேல் நிற்கும் இலட்சுமியாகவும், வீணை ஏந்திய சரசுவதியாகவும் இந்தியா முழுவதும் பரவின. 1972-இல் அவ்வச்சகம் தீக்கிரையானது. ஆனால், அது பரப்பிய முகங்கள் இன்றும் கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் இவ்வரலாற்றின் அடுத்த அத்தியாயம் சிவகாசியில் எழுதப்பட்டது. அங்கே தொழிலை வளர்த்த நாடார் சமுதாயத்தாரும் ஒருகாலத்தில் கோயில் வாயிலில் தடுக்கப்பட்டவர்களே. கமுதிக் கோயிலுக்குள் 1897-இல் நுழைந்தமைக்காக அவர்கள்மேல் வழக்குத் தொடரப்பட்டது. 1899-இல் சிவகாசியே கலவரத்தில் எரிந்தது. 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதே சிவகாசியிலிருந்து 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ண உறை வேண்டியிருந்தது. அதனால் அச்சகங்கள் எழுந்தன. அச்சகங்களிலிருந்து சாமி படக் காலண்டர்கள் வந்தன. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898-1976) நாடக மேடைக்குத் திரை எழுதியவர். அவரும், அவர் மாணவர்களான சுப்பையா, இராமலிங்கம் முதலியோரும் வரைந்த தெய்வங்களே தமிழ்நாட்டுக் காலண்டர்களில் வலம் வந்தன. கோயிலுக்குள் விடமாட்டோம் என்று தள்ளப்பட்டவர்களின் ஊரே, நாட்டுக்கெல்லாம் சாமி முகத்தை அனுப்பும் ஊராயிற்று!

இனி, முன்பு நினைவில் வைக்கச் சொன்ன ஆண்டுகளை இவற்றோடு சேர்த்துப் பாருங்கள். இரவிவர்மா அச்சகம் 1894. மீனாட்சி கோயில் நுழைவு 1939. இடைப்பட்ட நாற்பத்தைந்து ஆண்டுகளில், கருவறையில் காணமுடியாத தேவி, சந்தைக் கடையில் சுருட்டி வைத்த தாளாக யார் கைக்கும் வந்தாள். விற்பவன் காசைக் கேட்டான், சாதியைக் கேட்கவில்லை. வாங்கியவன் தன் கையால் சட்டம் போட்டு, தன் கையால் குங்குமம் வைத்து, தன் வீட்டில் தானே பூசாரியானான். சட்டமன்றமும் நீதிமன்றமும் தரத் தயங்கியதில் ஒரு பங்கையேனும் கல்லச்சு முன்பே தந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

ஆயினும், தந்தது எவ்வளவு என்பதையும் அளந்து பார்க்கவேண்டும். படம் வீட்டுக்கு வந்தது. கோயில் கதவு அதனால் திறக்கவில்லை. அதற்குப் போராட்டம் தேவைப்பட்டது. இன்றுங்கூடத் தேர் வடம் பிடிக்கவும், திருவிழாவில் முறை கேட்கவும் நம்மவர் சில ஊர்களில் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்கவேண்டியிருக்கிறது. தாளில் உள்ள தேவியைத் தருவதற்கு எவரும் மறுக்கவில்லை. அதிகாரத்தில் பங்கு கேட்கும்போதுதான் மறுப்பு எழுகிறது.

படம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றும் உண்டு. ஒரே கல்லிலிருந்து ஆயிரக்கணக்கில் ஒரே முகம் வரும்போது, அந்த முகமே தெய்வத்தின் முகம் என்று மனம் பழகிவிடுகிறது. வெளுத்த நிறம், கூரிய மூக்கு, பட்டுச் சேலை, உழைப்பின் தழும்பு காணாத மென்கை! நாள் முழுதும் காப்பிப் பழம் பறித்துக் கறைபட்ட கைகளையுடைய நம் தாய்மார் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தபோது, தம்மைப் போன்ற ஒருத்தியை அங்கே காணவில்லை. கல்லாகவும் கரகமாகவும் இருந்த நம் அம்மன்களுக்கும் பின்னாளில் காலண்டரில் இடம் கிடைத்தது உண்மையே. ஆனால், மாரியம்மனும் அங்காளம்மனும் படமானபோது, பெரும்பாலும் அதே முகத்தையும் அதே கிரீடத்தையும் அணிந்தே வந்தனர். சூலமும் வேப்பிலையும் மட்டும் பழைய நினைவாக மிஞ்சின. ஏற்காட்டுச் சாலையிலேயே மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்ததை நம் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். டி. ஆர். சுந்தரம் நிறுவிய அப்படப்பிடிப்பு நிலையத்தின் முதற்படம் 1937-இல் வந்த 'சதி அகல்யா'. அச்சுப்படம் வகுத்த தெய்வ முகம் நாடகமேடைக்கும் திரைப்படத்துக்கும் சென்று, அங்கிருந்து மீண்டும் காலண்டருக்கு வந்தது. சேலம் குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவின்போது நடக்கும் வண்டி வேடிக்கையில் தெய்வ வேடமிட்டு வருவோரைப் பாருங்கள். அந்தப் படங்களின் சாயலை அங்கும் காணலாம்.

இந்த முகம் மாறாதது, ஆதிகாலம் தொட்டு வருவது என்று எவரேனும் சொன்னால், இளைஞர்களே, இரண்டு பழைய சிற்பங்களை நினைவூட்டுங்கள். தாமரைமேல் இருக்கும் தேவிக்கு இருபுறமும் யானைகள் நீராட்டும் காட்சியை நாம் கஜலட்சுமி என்கிறோம். அதன் மிகப் பழைய வடிவங்களைப் பர்ஹூத்திலும் சாஞ்சியிலும் காணலாம். இரண்டும் பௌத்தத் தூபிகள்! அடுத்து, மதுரா நகரின் கங்காளி திலா என்னும் மேட்டில் கிடைத்த சரசுவதி. தலை உடைந்துபோன அச்சிற்பம் இப்போது இலக்னோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் காலம் கி.பி. 132 என்று கணிக்கின்றனர். இன்று கிடைக்கும் சரசுவதி சிலைகளுள் மிகப் பழையதாகக் கருதப்படும் அது சமணர்க்கு உரியது. அவள் கையில் வீணை இல்லை, சுவடி இருக்கிறது. அதைச் செய்வித்துக் கொடையாகத் தந்தவன் அரசன் அல்லன், செல்வ வணிகனும் அல்லன். சிகன் மகன் கோவன் என்னும் உலோகத் தொழிலாளி என்று பீடத்துக் கல்வெட்டே கூறுகிறது. பட்டறையில் உழைத்த ஒரு கையே சரசுவதிக்குச் சுவடி ஏந்திய உருவத்தைத் தந்தது. எனவே, தெய்வ உருவம் எந்த ஒரு குலத்தாரின் தனிச்சொத்தும் அன்று, அது காலந்தோறும் மாறி வந்தது, இனியும் மாறும்.

சரசுவதியைப் பற்றிப் பேசும்போது பரோடாவை மறக்க முடியாது. மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் தம் அரண்மனைக்காக இரவிவர்மாவிடம் புராணக் காட்சிகள் பதினான்கை வரையச் சொன்னார். இரவிவர்மாவின் இலட்சுமி, சரசுவதி ஓவியங்களும் அவ்வரச குலத்தின் சேகரிப்பைச் சேர்ந்தவை. அதே மன்னர்தாம் 1913-இல் அம்பேத்கர் என்னும் இளைஞருக்கு உதவித்தொகை கொடுத்து அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அதற்கு நாம் என்றும் நன்றி உடையோம். ஆனால், 1917-இல் அவர் கற்றுத் திரும்பிப் பரோடா அரசில் பணி ஏற்க வந்தபோது நடந்தது என்ன? தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. பெயரை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். சில நாட்களில் தடி ஏந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. கல்வித் தெய்வத்தின் ஓவியத்துக்கு அந்த ஊரில் அரண்மனைச் சுவர் கிடைத்தது. கல்வியைக் கற்றுத் தேர்ந்து வந்தவருக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. படத்தைப் போற்றும் நாடு, அப்படம் உணர்த்தும் பொருளையும் போற்றும் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் மலையிலும் ஆயுதபூசை நாளில் பல்ப்பர் இயந்திரத்துக்குப் பொட்டிட்டு, சரசுவதி படத்துக்கு மாலை போட்டு, பொரிகடலை வழங்குவது வழக்கம். அன்று கைகூப்பி நின்ற நம் முன்னோருள் பலர்க்குப் படத்தின் கீழே அச்சிட்ட பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாது. சரசுவதி படம் லைன் வீட்டுக்கு எளிதில் வந்தது. எழுத்து அவ்வளவு எளிதில் வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் இச்சங்கம் போன்ற சங்கங்கள் தோன்றின.

அச்சுப்பொறியின் மற்றொரு பயனை நம் தலைவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர். இரவிவர்மா அச்சகம் தோன்றுவதற்கு ஓராண்டு முன்பே, 1893-இல், இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். இழிவுச் சொல்லாக எறியப்பட்ட பெயரையே ஏட்டின் தலைப்பாக நிமிர்த்தி நாட்டினார். 1907-இல் அயோத்திதாச பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வெளியிட்டார். அம்மன் வழிபாட்டையும் பௌத்த மரபோடு இணைத்து விளக்க முற்பட்டவர் அவர். அவர் விளக்கம் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. பிறர் சொன்ன கதையை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், தானே வினவித் தானே எழுதி அச்சிட்டார் என்பதே நமக்கு முக்கியம். ஓர் அச்சகம் படத்தைத் தந்து நம்மைப் பார்ப்போர் ஆக்கியது. இவ்விருவர் ஏடுகள் நம்மைப் பேசுவோர் ஆக்கின. இரண்டிலும் எது பெரிது என்று நீங்களே சொல்லுங்கள்.

இளைஞர்களே, வெள்ளி விழாவையொட்டி உங்களிடம் சில வேலைகளை ஒப்படைக்க விரும்புகிறோம். உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் உள்ள பழைய சாமி படங்களைத் தேடிப் பாருங்கள். இம்மலையின் மூடுபனியும் ஈரமும் தாளுக்குப் பகை. பல படங்கள் பூஞ்சை பிடித்துக் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கும். படத்தின் அடி ஓரத்தைக் கவனியுங்கள். அங்கே ஓவியர் பெயரும், அச்சகத்தின் பெயரும், ஊரும் இருக்கக்கூடும். அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், கைப்பேசியிலேனும் படம் எடுத்து நம் சங்க நூலகத்தில் சேருங்கள். உடைமையாளரிடமிருந்து படத்தை வாங்கிவிட வேண்டா. அது அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

அதோடு, அந்தப் படத்தைப் பற்றி வீட்டுப் பாட்டிமாரிடம் கேளுங்கள். எப்போது வாங்கியது, எந்தச் சந்தையில் வாங்கியது, படம் வருவதற்குமுன் எந்தக் கல்லைக் கும்பிட்டார்கள், அந்த அம்மனுக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்வது எந்த அச்சிட்ட நூலிலும் இருக்காது. அவர்களோடு அது மறைந்துவிடாமல் காப்பது நம் கடமை.

ஓவியத்தில் நாட்டமுள்ள மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் அம்மனை நம் நிறத்தில் வரையுங்கள். கூடையைத் தோளில் மாட்டிக் காப்பிச் செடிகளுக்கு நடுவே நிற்பவளாக வரையுங்கள். சிலேட்டுப் பலகையைக் குழந்தையின் கையில் கொடுப்பவளாக வரையுங்கள். தெய்வம் வேண்டா என்போர், நம் தாயையும் பாட்டியையும் வரையுங்கள். அவர்கள் முகமும் சட்டம் போட்டு மாட்டத் தகுந்த முகமே. நல்ல படங்களை அடுத்த ஆண்டுச் சங்கக் காலண்டரில் அச்சிடச் செயற்குழுவினர் ஆவன செய்யவேண்டும் என இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

நம் பாட்டனார் காலத்தில் படம் வாங்குவதற்கே காசு சேர்க்க வேண்டியிருந்தது. நம் பெற்றோர் காலத்தில் படத்தின் கீழுள்ள எழுத்தைப் படிக்கக் கற்றோம். இனி வரும் காலத்தில் படத்தை வரைவோராகவும், எழுதுவோராகவும், அச்சிடுவோராகவும் நாம் விளங்கவேண்டும். சங்கத்தின் பொன்விழா மலரை அச்சிடும் நாளில், அதன் அட்டைப் படத்தை வரைந்தவர் பெயரும், அதனை அச்சிட்டோர் அனைவர் பெயரும் அதில் தவறாமல் இடம்பெற வேண்டும். அந்தப் பெயர்களுள் இன்று இங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெயர்களும் இருக்கட்டும் என வாழ்த்தி அமைகிறோம்.